பூ மண்டிக்காரரின் நேரத்தை எல்லோருக்கும் வைத்த ஜெயமேரி

ஞாயிற்றுக்கிழமை காலை கீரமங்கலம் கடைவீதியில் கறி வாங்க நின்றிருந்தபோது கைப்பேசியில் ஜெயமேரியின் பெயர் வந்தது. விடுமுறை நாளில்கூட இந்த அம்மாவுக்கு ஏதாவது சர்வர் கண்ணில் பட்டுவிடும் என்று சலித்துக்கொண்டே எடுத்தேன். பேசியவர் அவருடைய கணவர் அருள்தாஸ். "மேரி நம்மள விட்டுப் போயிட்டா, முத்து. கோயிலுக்குக் கெளம்பையில நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு" என்றார். கடைக்காரர் எவ்வளவு வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் கறி வாங்காமலே வண்டியை எடுத்துவிட்டேன்.

மூக்கைச் சிந்திக்கொண்டே எழுதினால் அவருக்குப் பிடிக்காது. அதனால் சிரித்ததையே எழுதுகிறேன். எங்கள் புதுக்கோட்டை அலுவலகத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டால், அதைத் தொடங்கி வைத்தவர் பெரும்பாலும் ஜெயமேரியாகத்தான் இருப்பார்.

நானும் அவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். பூ மண்டி, மீன் ஏலக்கூடம், மருத்துவமனை என்று மாவட்டம் முழுக்க இருக்கும் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. ஆவூரிலிருந்து பேருந்தில் வருவார். கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவர் என்பதால், எங்காவது சர்வர் படுத்துவிட்டால் அவரை அறியாமலே மாதா பாட்டு ஒன்றை முணுமுணுப்பார். தொலைபேசியில் காத்திருந்த வாடிக்கையாளர்கள் அதை எங்கள் நிறுவனம் வைத்த பாட்டு என்றே நினைத்திருந்தார்கள். ஒருவர் அந்தப் பாட்டை மாற்றச் சொல்லிப் புகாரும் கொடுத்தார்.

ஒரு சர்வர் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால், அதை அப்படியே அமைத்துவிடும் கருவி ஒன்று எங்களிடம் உண்டு. இந்தக் கோப்பை வை, இந்தச் சேவையை ஓடவிடு என்பது போன்ற சின்னச் சின்ன வேலைகளுக்கு அந்தக் கருவியிலேயே ரிசோர்ஸ்கள் என்ற ஆயத்தக் கட்டளைத் துண்டுகள் இருக்கும். நாங்கள் அவற்றை வரிசையாக அடுக்கி, ஓர் ஊருக்கு எழுதியதை அடுத்த ஊருக்கு நகலெடுத்து ஒட்டிக்கொண்டிருந்தோம். ஒரு பிழை வந்தால் எல்லா ஊர் நகலிலும் போய்த் திருத்த வேண்டும். திருத்துவோம், ஓர் ஊரை மறந்துவிடுவோம், அந்த ஊர்க்காரர் போன் போட்டுத் திட்டுவார். இப்படியே காலம் ஓடியது.

சென்னைத் தலைமை அலுவலகத்துக்குப் பொறுமை போய்விட்டது. புதுக்கோட்டை அலுவலகத்தை மூடிவிட்டு எல்லோரும் சென்னைக்கு வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு வயல் இருக்கிறது. எங்களோடு வேலை பார்த்த ரகமத்துக்கு மீமிசலில் அப்போதுதான் வீடு பாதி எழும்பியிருந்தது. நாங்கள் இருவரும் இடி விழுந்த மாதிரி உட்கார்ந்திருந்தோம். ஜெயமேரி மட்டும், "நான் வரல. அந்த ஊர்ல எந்தக் கோயில்ல போயி நான் பாட எடம் கேக்குறது? ஒரு மாசம் டயம் கேளுங்க, பாத்துக்கலாம்" என்றார்.

அந்த ஒரு மாதத்தில் அவர் சொந்தமாக ரிசோர்ஸ்கள் எழுதினார். பல வேலைகளை ஒன்றாகக் கட்டி ஒரு பெயர் வைத்துவிடுவார். அதன்பின் எந்த ஊருக்கும் அந்தப் பெயரைச் சொல்லி, அந்த ஊருக்கென்று மாறுகிற விஷயத்தை மட்டும் கொடுத்தால் போதும். நாங்கள் எழுதியவற்றை அவர் சும்மா விடவில்லை. நான் எழுதிய ஒன்று, ஒவ்வொரு முறை ஓடும்போதும் அதே வரியைத் திரும்பத் திரும்பச் சேர்த்துக்கொண்டிருந்தது. "பந்தியில சாம்பார் வாளியத் தூக்கிட்டுப் போறவரு எலையப் பாக்காம ஊத்திக்கிட்டே போனா எப்படிங்க? மொதல்ல பாருங்க. இருந்தா விட்டுருங்க. இல்லைன்னா மட்டும் ஊத்துங்க" என்றார். அதற்குப் பிறகு நான் இலையைப் பார்க்காமல் எதையும் ஊற்றியதில்லை.

அவற்றில் ஒன்றுக்கு அவர் 'நல்ல நேரம்' என்று பெயர் வைத்தார். கீரமங்கலம் பூ மண்டிக்காரர், ராகு காலத்தில் தன் கம்ப்யூட்டரில் யாரும் கை வைக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லியிருந்தார். மீமிசலில் ஏல நேரத்தில் தொடக் கூடாது. மருத்துவமனையில் சீட்டுக் கொடுக்கும் நேரத்தில் கூடாது. எந்த நேரத்தில் தொடக் கூடாது என்று கொடுத்துவிட்டால், அந்த நேரத்தில் கருவி கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

சென்னையிலிருந்து மேலாளர் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. வெற்று சர்வர் ஒன்றைக் காட்டி, "இதைத் தயார் பண்ணுங்க, பாக்கலாம். சரியா வந்தா ஆபீஸ் இருக்கட்டும்" என்றார். மணி பதினொன்று. ஜெயமேரி கட்டளையைத் தட்டினார். திரையில் அவரே எழுதி வைத்த வாசகம் வந்தது: "இப்ப ராகு காலம். அப்புறம் பாத்துக்கலாம்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார். ரகமத்து என் காதில், "நெட்டு போச்சுன்னு சொல்லிரலாமா?" என்றார். ஜெயமேரியோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"சார், அது சரியாத்தான் வேலை செய்யுது. தப்பு என்னுது. நேரம் எதுவும் கொடுக்கலைன்னா என்ன நேரம்னு ஒண்ணு வெக்கணும்ல? மொதல்ல பூ மண்டிக்காரருக்காக எழுதுனதால அவரு நேரத்தையே வெச்சு, எடுக்க மறந்துட்டேன். மாவட்டம் பூராவும் இப்ப ராகு காலம் பாக்குது."

மேலாளர் சிரிக்கவில்லை. "இப்ப எல்லா ஊருக்கும் போய்த் திருத்தணுமா?" என்று கேட்டார். அவர் கேட்க வந்த கேள்வியே அதுதான்.

"இல்லைங்க சார். ஒரே எடம்."

அவர் கண் முன்னாலேயே ஜெயமேரி அந்த ஒரு வரியை எடுத்தார். மறுபடி தட்டினார். வெற்று சர்வர் எங்கும் முட்டாமல் எழுந்து நின்றது. மற்ற ஊர்களிலும் அந்தத் திருத்தம் தானாகவே போய்ச் சேர்ந்துவிட்டதைத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினார். மேலாளருக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. வந்தது நிற்கவே இல்லை. எல்லாம் ராகு காலத்துக்குள்ளேயே முடிந்துவிட்டது. இதைப் பூ மண்டிக்காரரிடம் சொல்லக் கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார் ஜெயமேரி.

அலுவலகம் இருந்தது. என் வயல் இருந்தது. ரகமத்து வீட்டைக் கட்டி முடித்தார். புதுமனை புகுவிழாவுக்கு வந்த ஜெயமேரி பிரியாணியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, "இது ஏற்கெனவே இருந்தாலும் ஊத்தலாங்க" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலையே ஆவூரில் அடக்கம். மேலாளர் சென்னையிலிருந்து கிளம்பி, வழி நெடுக எனக்குப் போன் போட்டுக்கொண்டே வந்தார். அவர் வந்து சேர்ந்தபோது கல்லறைத் தோட்டத்தில் எல்லாம் முடிந்திருந்தது. குழியருகே நின்று குழந்தை போல அழுதார். பாவம், தூரம் அப்படி.

அலுவலகத்தை மூடியிருந்தால் நாங்களும் சென்னையிலிருந்து அவரோடு அந்த வண்டியில் வந்திருக்க வேண்டியவர்கள். ஆனால் செய்தி வந்த ஒரு மணி நேரத்தில் நாங்கள் அத்தனை பேரும் ஆவூரில் இருந்தோம். அருள்தாஸின் தோளைப் பிடித்துக்கொள்ள, வருகிறவர்களுக்கு நாற்காலி போட, கடைசியில் பெட்டியைத் தூக்க அவரவர் வீட்டிலிருந்து வந்துவிட்டோம். ஒரு பக்கம் ரகமத்து, ஒரு பக்கம் நான்.

போய் வாருங்கள், ஜெயமேரி. உங்களைத் தூக்குவதற்கு எங்களை ஊரிலேயே வைத்திருந்தீர்கள்.