கலெக்டருக்குக் கழுத்துப்பட்டை

போன ஞாயிற்றுக்கிழமை வேளச்சேரியில் என் மகள் குடியிருக்கும் அடுக்குமாடியின் லிஃப்டில் ஏறினேன். எனக்கு முன்பே உள்ளே ஒரு நாய் நின்றுகொண்டிருந்தது. மழைக்கோட்டு போட்டிருந்தது. வெளியே நல்ல வெயில். நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டதைப் பார்த்து, அதைப் பிடித்திருந்த பையன், "பயப்படாதீங்க அங்கிள், அவன் ரொம்ப கூச்ச சுபாவம்" என்றான். நாய் என்னை மேலும் கீழும் பார்த்தது. அதன் முகத்தில் கூச்சம் எதுவும் தெரியவில்லை.

லிஃப்டில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. 'குழந்தைகளுக்கான செல்லப்பிராணி வளர்ப்பு வகுப்பு, மாலை ஐந்து மணி.' நாயின் மேலிருந்து ரோஜாப்பூ ஷாம்பு வாசனை வந்தது. எனக்கோ ஃபினாயில் நினைவு வந்தது. என் மூக்கு அப்படித்தான். கேட்டதைக் கொடுக்காது, பக்கத்துக் கடைச் சரக்கை எடுத்து நீட்டும்.

அறுபதுகளின் கடைசியில் அடையாறில் பிராணிகளிடம் அன்பு காட்டுவதற்கென்றே ஒரு சங்கம் இருந்தது. அதன் ஆபீசைத் தினமும் ஃபினாயில் ஊற்றிக் கழுவுவார்கள், அதற்குள் எந்தப் பிராணியும் ஒருநாளும் வந்ததில்லை என்றாலும். நான் அங்கே குமாஸ்தா. படிப்பு எட்டாம் வகுப்பு. கையெழுத்து மட்டும் அச்சடித்தது போல இருக்கும், அதற்காகத்தான் வேலை கொடுத்தார்கள். சங்கத்தின் ஆண்டறிக்கையில் 'பள்ளிச் சிறுவர்க்கு உரைகள்' என்ற தலைப்புக்குக் கீழே வருஷா வருஷம் காலியாகவே இருந்தது. காரியதரிசி அம்மாள் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "நீங்கதான் நன்னா பேசறேளே, நீங்களே போயிட்டு வாங்கோ" என்றார். அதுவரை நான் அவரிடம் "சரிம்மா", "ஆகட்டும்மா" தவிர வேறெதுவும் பேசியதில்லை. அன்றைக்கும் "சரிம்மா" என்றேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு நாய் என்றால் பயம். மாம்பலத்தில் நான் குடியிருந்த தெருமுனையில் ஒரு கிழநாய் படுத்திருக்கும். அதற்குப் பல்கூட இல்லை. இருந்தும் அதற்குப் பயந்து இரண்டு தெரு சுற்றிக்கொண்டுதான் பஸ் ஏறப் போவேன்.

உரைக்கு ஒரு துணிப்படமும் ஒரு சிறுபுத்தகமும் கொடுத்தார்கள். படத்தில் ஒரு அல்சேஷன் நாய். அதைச் சுவரில் மாட்டியதும், எந்தப் பள்ளியானாலும், "ஐ, நரி!" என்று ஒரு குரல் வந்துவிடும். புத்தகம் யாரோ ஒரு வெள்ளைக்காரர் எழுதியதன் தமிழாக்கம். 'காலையில் இரண்டு முட்டை, பால். மாலையில் வேகவைத்த இறைச்சி. குளிர்காலத்தில் கணப்படுப்பின் அருகில் படுக்கை.' தி.நகர் பள்ளி ஒன்றில் இதை வாசித்தபோது ஒரு பையன் எழுந்து, "சார், எங்காத்துல முட்டையே வாங்க மாட்டா. தயிர்சாதம் போடலாமா?" என்றான். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். தயிர்சாதத்தைப் பற்றி வெள்ளைக்காரர் எதுவும் சொல்லவில்லை. "போடலாம்" என்று என் சொந்தப் பொறுப்பில் அனுமதித்தேன். மயிலாப்பூரில் மீன் சந்தைக்குப் பின்னாலிருந்த பள்ளியில் அதே வரியை வாசித்தபோது, கடைசி பெஞ்சில் ஒருவன் பக்கத்துப் பையனிடம், "ரெண்டு முட்டையா! நைனா, அடுத்த ஜென்மத்துல நான் நாயிடா" என்றான்.

தேவகியை அந்தப் பள்ளியில்தான் பார்த்தேன். ஒன்பது வயதிருக்கும். அம்மா சந்தையில் மீன் விற்பவள். முதல் வரிசையில் உட்கார்ந்து, நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் நம்பிக்கொண்டிருந்தாள். நான் நாய் என்று சொன்னதெல்லாம் அவளுக்குக் கலெக்டர் என்றுதான் கேட்டிருக்க வேண்டும். கலெக்டர் அவர்கள் சந்தின் செம்பட்டை நாய். காலை பத்து மணிக்கு ஒரு கோடியில் தொடங்கி வீட்டுக்கு வீடு நின்று பார்த்துவிட்டுப் போகும் என்பதால் அந்தப் பெயர்.

அந்த நாளில் நாய் வண்டி என்று ஒன்று வரும். சுருக்குக் கம்பி போட்டுத் தெருநாய்களைப் பிடித்துக் கூண்டில் அடைத்துக்கொண்டு போவார்கள். போன நாய் எதுவும் திரும்பி வந்ததில்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரி இருந்தது: 'உரிமம் பெற்று, அதற்குரிய உலோக வில்லையைக் கோத்த கழுத்துப்பட்டை அணிந்த நாயை யாரும் பிடிக்க முடியாது.' மணி அடிக்க ஒரு நிமிஷம்தான் இருந்தது. முன்பாதியை விழுங்கிவிட்டு, "கழுத்துப்பட்டை அணிந்த நாயை யாரும் பிடிக்க முடியாது" என்று முடித்தேன்.

தேவகி எழுந்தாள். "பெல்ட்டு போட்டா வண்டிக்காரன் புடிக்க மாட்டானா சார்?"

"மாட்டான்."

"சத்தியமா?"

"சத்தியமா" என்றேன். சிற்றுண்டி வேறு காத்திருந்தது.

மூன்றாம் நாள் அந்தப் பள்ளியிலிருந்து ஆள் வந்து கூட்டிக்கொண்டு போனான். தலைமையாசிரியர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"என்னய்யா பேசிட்டுப் போனீர்? பிரேயர்ல அட்டென்ஷன்னா ஒரு பயலும் கையைக் கீழ விட மாட்டேங்கறான். விட்டா நிஜார் நிக்காது!"

பாம்புக் கொக்கி வைத்த, கோடு போட்ட பெல்ட்டுகள் எல்லாம் நாய்களின் கழுத்தில் இருந்தன. மொத்தம் ஏழு நாய். கலெக்டருக்கு மட்டும் பெல்ட்டோடு தேவகியின் சிவப்பு ரிப்பனும் சேர்த்து.

நான் பதில் யோசிப்பதற்குள் சந்தில் கூச்சல். வண்டி வந்துவிட்டது. பிள்ளைகள் வகுப்பைவிட்டு ஓடினார்கள், பாதிப்பேர் நிஜாரைப் பிடித்தபடி. நானும் ஓடினேன். வண்டிக்காரர் சுருக்குக் கம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடா இது, நாய்க்கெல்லாம் யூனிபாரம் மாட்டிக்கினு கீறீங்க? வில்லை எங்க? வில்லை இல்லாங்காட்டி வண்டில ஏத்த வேண்டிதுதான்."

தேவகி அழவில்லை. என்னைக் கை காட்டினாள். "இந்த சார்தான் சத்தியம் பண்ணாரு."

சந்தில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"யாருது இந்த நாயி?" என்று கலெக்டரைக் காட்டிக் கேட்டார் வண்டிக்காரர்.

"என்னுது" என்றேன். என் வாய்தான் சொன்னது.

"அப்ப அதுங்க?"

"எல்லாம் என்னுதுதான்."

"ஏழுமா? சரி வாத்தியாரே, உன் நாயை நீ தூக்கினு போ, பாப்போம்."

கண்ணை மூடிக்கொண்டு குனிந்து கலெக்டரைத் தூக்கினேன். அதற்கு நான் யார் என்று தெரியாது. சொற்பொழிவுக்கு அது வரவில்லையே. முன்கையில் நன்றாகக் கடித்துவிட்டது. ஆனால் விடவில்லை நான். வீரம் என்று நினைத்துவிடாதீர்கள், பயத்தில் கை மடங்கி இறுகிவிட்டது.

"சொந்த நாயி இப்டியா கடிக்கும்?" என்று வண்டிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்புக்குள் பையன்கள் மற்ற ஆறு நாய்களையும் மூலைக்கொன்றாக விரட்டிவிட்டார்கள். தேவகி மட்டும் நகரவில்லை.

"யோவ், கடிச்ச நாயை பத்து நாள் கொல்லக் கூடாது. வெறி கீதான்னு பாக்கணும். அன்னிக்கு சார் படிச்ச புக்குல கீது!"

வண்டிக்காரரின் சிரிப்பு நின்றது. விதி அவருக்கும் தெரிந்ததுதான். "சட்டம் பேசுது பாரு, பொண்ணு. பத்து நாள் கழிச்சு வர்றேன்" என்று கம்பியைச் சுருட்டினார்.

அன்று முதல் எனக்குத் தொப்புளைச் சுற்றி ஊசி. தினமும் சாயங்காலம் தேவகி ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்து, "கலெக்டர் நல்லா கீது சார். நீ?" என்று விசாரிப்பாள். பத்தாம் நாள் கலெக்டர் கொழுகொழுவென்று இருந்தது. நான்தான் இளைத்துப்போயிருந்தேன்.

அந்தப் பத்து நாளுக்குள் வில்லை வாங்கிவிடக் கார்ப்பரேஷன் ஆபீசுக்கு ஓடினேன். தேவகியும் இன்னும் நாலு பேரும் கூடவே வந்தார்கள். "எங்க எல்லார் பேரையும் எழுது சார்" என்றாள். அங்கே உரிமம் எழுதுபவர் தலையை நிமிர்த்தாமல், "உரிமையாளருக்கு ஒரு வரிதாம்மா இருக்கு" என்றார். அந்த ஒரு வரியில் என் பெயர் ஏறியது. அந்த வருஷ ஆண்டறிக்கையை நானே அழகான கையெழுத்தில் படி எடுத்தேன்: 'உரைகளால் சிறுவர்கள் மிகுந்த ஊக்கம் பெற்றனர்.' கடியைப் பற்றி எழுதலாமா என்று கேட்டதற்குக் காரியதரிசி அம்மாள், "அதெல்லாம் எதுக்கு, நன்னா இருக்காது" என்றுவிட்டார்.

அதற்குப் பிறகு ஏழெட்டு வருஷம் கலெக்டர் சட்டப்படி என்னுடைய நாயாக அந்தச் சந்திலேயே வாழ்ந்தது. ஒவ்வொரு வருஷமும் வில்லையைப் புதுப்பித்துக்கொண்டு போய்த் தூரத்தில் நின்று தேவகியிடம் கொடுப்பேன். ஊரில் யாரைப் பார்த்தும் குலைக்காத நாய், உரிமையாளரைப் பார்த்தால் மட்டும் விடாமல் குலைக்கும். எங்கள் தெருமுனைக் கிழநாயை மட்டும் நான் அப்புறம் சுற்றிக்கொண்டு போனதில்லை.

சந்தை இடம் மாறிவிட்டது. பள்ளி இருந்த இடத்தில் ஒரு நகைக்கடையின் கார் நிறுத்தம். சந்து முழுக்க இரும்புக் கேட்டுகள். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது ஒரு நாய், நல்ல தோல்பட்டையோடு, ஒரு கேட்டுக்கு உள்ளே தனியாக உட்கார்ந்திருந்தது. "யாருது இது?" என்று காவலாளியைக் கேட்டேன். முன்பு அந்தச் சந்தில் அப்படிக் கேட்டால், நிஜாரைப் பிடித்துக்கொண்டு இருபது பேர் "எங்களுது!" என்று கத்துவார்கள். காவலாளி ஒரு நோட்டைப் பார்த்துச் சொன்னார்: "ரெண்டாவது மாடி, பி பிளாக்."