கறுப்பு மணலும் என் வாயும்

என் தம்பிக்குப் பெண் கிடைக்காததற்குக் காரணம் யுரேனியம். ஆள் நன்றாகத்தான் இருப்பான். முப்பத்து மூன்று வயது, தலையில் முடி மிச்சம் இருக்கிறது, குடி கிடையாது, தமிழ்நாட்டுக் கடலோரத்தில் ஓர் அணுமின் நிலையத்தில் கன்ட்ரோல் ரூம் வேலை. இந்தக் கடைசி விஷயத்துக்கு வந்ததும் பெண் வீட்டார் சாயா கிளாஸைக் கீழே வைத்துவிடுவார்கள். பாலக்காட்டில் ஒருவர், "பையன் இருட்டுல மினுங்குவானா?" என்று கேட்டார். தேவராவில் ஒரு அம்மாள், தன் மகளுக்குக் குழந்தையே பிறக்காதே என்று எங்கள் முன்னாலேயே மூக்கைச் சிந்தினாள். நிச்சயம்கூட ஆகவில்லை, அதற்குள் ஒப்பாரி. நாலு இடம் இப்படியே கலைந்தது.

ஐந்தாவது இடம் வந்தபோது தம்பி தெளிவாகச் சொன்னான். "அக்கா, இதுவும் போச்சுன்னா நான் வேலையை விட்டுடறேன். கலூர்ல ஏதாவது இன்வெர்ட்டர் கடையில உட்கார்ந்துக்கறேன்." அந்தப் பெண்ணோடு ரெண்டு மாதமாக ஃபோனில் பேசிக்கொண்டிருந்தான். அவளைப் பிடித்துப் போய்விட்டது. ரியாக்டரையும் அவனுக்குப் பிடிக்கும். ரெண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் எவனுக்குத்தான் வயிறு எரியாது?

எனக்கு எரிந்தது. கொச்சி மட்டாஞ்சேரியில் வீட்டு மாடியில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு ஃபிசிக்ஸ் ட்யூஷன் எடுக்கிறவள் நான். தமிழில் எழுத எனக்குத் தாமதமாகத்தான் வந்தது, இப்போதும் மலையாளம்தான் கைக்கு வேகமாக ஓடும். ஆனால் வாய் எந்த மொழியிலும் நின்றதில்லை. "நீ சும்மா வா, பொண்ணோட அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்" என்று தம்பியை இழுத்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

பெண் வீடு தெற்கே, கறுப்பு மணல் கடற்கரைப் பக்கம். எங்களைப் போலவே மூணு தலைமுறைக்கு முன்னால் கேரளாவுக்குப் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பம். அப்பா லாரி ஆபீஸ் வைத்திருந்து ஓய்ந்தவர். ஒரே மகள். சுவரில் அவள் அம்மாவின் படம், மாலையோடு. பார்த்தேன், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. பாடம் நடத்துகிற அவசரத்தில் இருந்தேன்.

"டீச்சரே, அதுக்குள்ள என்னதான் நடக்குது?" என்று அவரே ஆரம்பித்து வைத்தார்.

போதாதா எனக்கு? "மோளே, புட்டுக்குடமும் குக்கரும் கொண்டு வா" என்றேன். பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜி தட்டோடு வர வேண்டியவள், ரெண்டு கையிலும் பாத்திரத்தோடு வந்து நின்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

"யுரேனியம் அணு பெருசா, தளதளன்னு இருக்கும். அதுல ஒரு நியூட்ரான் போய் மோதினா ரெண்டா உடையும். உடையும்போது சூடு வரும், கூடவே ரெண்டு மூணு நியூட்ரான் தெறிக்கும். அது அடுத்ததைப் போய் உடைக்கும். இதுதான் பிளவு. ஆனா வேகமாப் பறக்கற நியூட்ரான் சரியா மாட்டாது. எர்ணாகுளத்துல பறந்து போற ஆட்டோக்காரன் சவாரி பிடிக்க முடியுமா? மெதுவா உருட்டிக்கிட்டு வர்றவனுக்குத்தான் ஆள் கிடைக்கும். அதனால அதை மெதுவாக்கத் தண்ணி. கூட்டம் ஜாஸ்தியாச்சுன்னா நியூட்ரானை விழுங்கறதுக்குத் தடிகள் இருக்கு, உள்ளே இறக்கினா எல்லாம் அடங்கிடும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வெந்நீர் வைக்கறதுதான்! இவ்வளவு படிச்சு, இவ்வளவு கட்டி, கடைசியில வெந்நீர். சில ரியாக்டர் இந்தப் புட்டுக்குடம் மாதிரி. உள்ளே கொதிக்கற தண்ணியோட ஆவியே நேரா மேலே போய் டர்பைனைச் சுத்தும். என் தம்பி இருக்கறது குக்கர் வகை. அழுத்தம் போட்டு வச்சிருக்கறதால எவ்வளவு சூடானாலும் தண்ணி கொதிக்காது. அது குழாய் வழியாப் போய் வேற தண்ணியைக் கொதிக்க வைக்கும். ரெண்டு தண்ணியும் ஒண்ணோட ஒண்ணு கலக்கவே கலக்காது. கனநீர் ஊத்தி ஓட்டறதும் உண்டு, அதுல யுரேனியத்தைச் செறிவூட்டாம அப்படியே போடலாம். மெதுவாக்கவே வேண்டாம்னு உருக்கின சோடியத்தை ஓட விடற வகைகூட உண்டு."

"சூரியன்ல நடக்கறதும் இதுதானா?" என்று கேட்டது பெண். எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது.

"அது இணைவு, கண்ணு. ரெண்டு லேசான அணுவை ஒண்ணாச் சேர்க்கறது. உடைக்கறது சுலபம், சேர்க்கறதுக்குத்தான் தாவு தீருது. அதுல கரண்டு எடுக்கப் பெரிய பெரிய ஆளுங்க வருஷக்கணக்கா முட்டி மோதறாங்க. ஒரு வீட்டு பல்பு இன்னும் எரியலை. என் தம்பி கல்யாணம் மாதிரிதான்."

அவளும் தம்பியும் சேர்ந்து சிரித்தார்கள். அங்கேயே நான் வாயை மூடியிருக்கணும். ஆனால் அப்பா சிரிக்கவில்லை. "எல்லாம் சரி டீச்சர். கதிர்வீச்சு? என் பொண்ணை அங்க கொண்டுபோய் வச்சா அவளுக்கு ஏதாவது வந்துச்சுன்னா?"

மறுபடியும் அதே கேள்வி, ஐந்தாவது தடவையாக. எனக்கு உச்சி வரைக்கும் ஏறிவிட்டது.

"அட என்னங்க நீங்க! இந்தக் கடற்கரைக் கறுப்பு மணல்ல தோரியம் இருக்கு, தெரியுமா? உங்க வாசல் முத்தத்துல கொட்டியிருக்கறதும் அதுதானே? ரியாக்டர் கேட்ல நிக்கறவனைவிட உங்களுக்குத்தான் ஜாஸ்தி. நியாயமாப் பார்த்தா நாங்கதான் பயப்படணும்!"

அவர் வாசல் பக்கம் திரும்பி முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆளை மடக்கிவிட்டேன் என்று நினைத்து நான் இன்னொரு சாயா கேட்டு வாங்கிக் குடித்தேன். கிறுக்கி.

ரயில் பாதி வழி வந்த பிறகுதான் தம்பி பேசினான். "அவர் சம்சாரம் எதுல போனாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"எதுல?"

"கேன்சர். மூணு வருஷம் ஆச்சு. அவர் ஏன் பயப்படறார்னு ஒரு நிமிஷம் கேட்டிருக்கலாம்ல அக்கா?"

அதற்கப்புறம் மட்டாஞ்சேரி வரைக்கும் அவன் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நாலாம் நாள் அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டாள். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் பேசினாள். "அக்கா, அப்பா ரெண்டு நாளா மம்பட்டியை வச்சு முத்தத்து மண்ணை வாரி வெளியே கொட்டிக்கிட்டிருக்கார். வீடு கட்டினப்போ அந்த மண்ணை லாரியில கொண்டு வந்தது அவர்தான். அம்மாவை நானே கொன்னுட்டேன்னு சொல்றார். சாப்பிட மாட்டேங்கறார்."

ஃபோனை வைத்துவிட்டு அடுக்களையில் போய் உட்கார்ந்து அழுதேன். பிள்ளைகள் மாடியில் காத்திருந்தார்கள், அன்றைக்கு வகுப்பு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

தம்பியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். லீவு போட்டு வந்தான். கதிர்வீச்சு அளக்கிற சின்ன மீட்டர் ஒன்றைச் சொந்தமாக வாங்கி வைத்திருந்தான், அதைப் பையிலிருந்து எடுத்து என் வீட்டிலேயே முதலில் சோதித்தான். ஹாலில் சோம்பலாக டிக், டிக் என்றது. அடுக்களையில் நான் ஆசை ஆசையாகப் போட்ட கிரானைட் மேடை மேல் வைத்தான். சனியன், வேகமாக அடித்தது. கருங்கல்லில் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், பாடத்தில் நானே நடத்துகிற விஷயம். ஊரான் வீட்டு மண்ணைப் பற்றிப் பேசும்போது மட்டும் என் மேடை ஞாபகம் வரவில்லை.

மறுநாள் போனோம். முற்றத்தில் பாதி தோண்டிக் கிடந்தது, வேலிக்கு வெளியே மண் குவியல். அவர் தாடி வளர்ந்து, மம்பட்டியைப் பிடித்தபடி நின்றிருந்தார். எங்களை வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. தம்பி குவியலில், முற்றத்தில், அவர் மனைவி படுத்திருந்த அறையில் எல்லாம் மீட்டரை வைத்துக் காட்டினான். பெரும்பாலும் என் கிரானைட் அளவுதான். ஓரிடத்தில் கொஞ்சம் கூட. அதையும் அவன் மறைக்காமல் காட்டினான்.

"அப்போ டீச்சர்," என்று அவர் என்னைத்தான் பார்த்தார், "அவ போனது இதனாலதானா?"

இல்லை என்று சொல்லு, சொல்லித் தொலை என்று மனசு அடித்துக்கொண்டது. அந்த மனுஷனுக்கு வேண்டியதும் அதுதான்.

"தெரியாதுங்க," என்றேன். "ஒருத்தருக்கு ஏன் வந்ததுன்னு டாக்டராலயும் உறுதியாச் சொல்ல முடியாது. இந்த மண் மேல பழி போட எனக்கு ஒரு ஆதாரமும் கிடையாது. இங்க எத்தனை தலைமுறையா ஜனங்க வாழறாங்க. அன்னிக்கு நான் ஜெயிக்கணும்னு பேசினேன், நிஜத்துக்காகப் பேசலை. தப்பு என்னோடது, உங்களோடது இல்லை. மன்னிச்சிருங்க."

இருபது வருஷமாகக் கரும்பலகை முன்னால் நின்றிருக்கிறேன். தெரியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் மீட்டரைப் பார்த்தார். அது நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது. பிறகு முற்றத்தின் மூலையைக் காட்டினார். அங்கே ஒரு செம்பருத்தி, தோண்டியதில் வேரெல்லாம் வெளியே தெரிந்து சாய்ந்திருந்தது.

"அவ வச்சது," என்றார். மம்பட்டியைத் தம்பியிடம் நீட்டினார். "முதல்ல அதுக்கு மண்ணு போடுங்க, மாப்பிள்ளை."

பெண் ஒரு கூடை கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள். நான் வாயைத் திறக்காமல் மண் சுமந்தேன்.