இரைச்சல் நல்லாக் கிடக்கு

தாழ்வுபாடு கிராமத்து அண்ணர் ஒருவர், திருமண நாளுக்காக மனைவியைப் பற்றித் தானே எழுதிய பாட்டைப் போன கிழமை என் ஸ்டுடியோவில் பாடிப் பதிந்தார். குரல் வறட்சியாக இருந்தது. பழைய கசெற் ஓடும்போது கேட்குமே, அந்த மெல்லிய இரைச்சலை அடியில் சேர்த்தேன். பாட்டுக்கு ஓர் இதம் வந்தது.

இன்று மனைவியையும் கூட்டிக்கொண்டு, புதுச் சட்டையோடு வந்தார்.

அக்கா ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடி, முழுவதும் கேட்டார்.

"தம்பி, பின்னால மழை தூறுற மாதிரிக் கேக்குது. என்னது?"

"இரைச்சல் அக்கா. நான்தான் போட்டனான். வேண்டாமெண்டால் எடுத்துவிடுறன்."

"ஐயோ, அது நல்லாக் கிடக்கு. குரலை எடுத்துவிடுங்கோ."

நான் சிரித்துவிட்டேன். அண்ணரும் சிரித்தார்.

"அவ பகிடி விடுறா" என்றார்.

"பகிடியில்லை. இருபது வருசமா இந்தக் குரலைத்தானே கேக்கிறன்."

அண்ணர் மோட்டார் சைக்கிளை எடுக்கப் போய்விட்டார்.

வீட்டுக்குப் போனதும் அக்கா செய்தி அனுப்பியிருக்கிறார்: "தம்பி, இரைச்சலை மட்டும் தனிய அனுப்புங்கோ. படுக்கேக்க போட்டுக் கேக்கலாம்."

ஃபைலைத் தயாராக்கி வைத்திருக்கிறேன். அண்ணர் பக்கம் யாராவது இருந்தால், அனுப்புவதற்குள் சொல்லுங்கள்.