குக்கருக்கு முதல் மதிப்பெண்

கச்சேரிக்குப் போனால் காசிநாதன் வலது கையைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டுதான் உட்காருவார். விட்டால் அது தன்பாட்டுக்குத் தாளம் போட ஆரம்பித்துவிடும்; அதுவும் மிருதங்கத்துக்கு அரை இடம் பிந்தி. "மேடையிலேர்ந்து உங்க கையைப் பார்த்தா எனக்கே தாளம் தப்புதுங்க" என்று மனைவி பார்வதம் ஒருமுறை சொன்னதிலிருந்து இந்தச் சிறைவாசம். கை மரத்துப்போனாலும் எடுக்கமாட்டார்.

அணுபுரம் குடியிருப்பில் அவரைத் தெரியாதவர் கிடையாது. இட்லித் தட்டைக்கூட ரசமட்டம் வைத்துப் பார்க்கிற எஞ்சினியர்.

2008இல் பார்வதத்தை ஒரு சென்னை சபா கூப்பிட்டது. மார்கழியில் மேடை தரவேண்டுமானால், பாடுகிற வீடியோ ஒன்றை அனுப்ப வேண்டும். இருபது வருஷமாகப் பாடுகிறவளுக்கு வந்த முதல் அழைப்பு. குடியிருப்பு ஆண்டு விழாவில் பாடும்போது செங்கல்பட்டிலிருந்து வீடியோக்காரரை வரவழைக்கலாம் என்றாள்.

"அவன் தாமரைப்பூவுக்குள்ள உன் மூஞ்சியைச் சுத்த விடுவான்" என்றார் காசிநாதன்.

அவரிடம் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் இருந்தது, சொந்தத் தயாரிப்பு. கேட்க வந்தவர்கள் செல்போனில் பிடித்ததையெல்லாம் அதற்குள் போட்டால், வினாடிக்கு வினாடி எது தெளிவு, எது ஆடவில்லை என்று மதிப்பெண் போடும். முதல் மதிப்பெண் வாங்கிய துண்டுகளை மட்டும் கோத்து ஒரே படமாக்கிவிடும். யார் பிடித்தது என்று தெரிந்தால் பாரபட்சம் வந்துவிடுமாம். அதனால் பக்கத்து வீட்டு நிதின்தான் எல்லாவற்றையும் திரட்டி, பெயரை எடுத்துவிட்டு, எண் போட்டுக் கொடுத்தான். விழாவன்று காசிநாதனும் நாலாவது வரிசையில் செல்போனும் கையுமாக இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அலுவலக நண்பர்களைக் கூப்பிட்டு, வடையோடு வெளியீட்டு விழா. ஆலாபனை எழுந்தது. திரையில் ஒரு பிரஷர் குக்கர்.

மேடைக்குப் பக்கத்தில் கட்டியிருந்த பாத்திரக்கடை பேனர் அது. டியூப்லைட் நேராக அதன்மேல்தான். பல்லவி வந்தது, குக்கர். ஸ்வரம் வந்தது, குக்கர்.

"சார், இது என் போனு!" என்று துள்ளினான் அலுவலகத்துச் செல்வராஜ். "போண்டா துன்னப் போறப்போ ஜன்னல்ல வெச்சிட்டுப் போனேன். இன்னா கிளியரா கீது பாருங்க!"

"குக்கர் நல்லா பாடுது" என்றாள் பார்வதம். "சபாவுக்கு இதையே அனுப்பிடுங்க. விசிலும் அடிக்கும்."

"புரோகிராம்ல தப்பில்லை. இருக்கிறதுலேயே தரமான படம் இதுதான்."

"அது என்னை எங்கேயாவது அளந்துதா?"

மறுநாள் அனுப்பியாக வேண்டும். எல்லாரும் போனபிறகு அவளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கழித்துப்போட்ட படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஏழாம் எண்ணில் நின்றாள். மதிப்பெண்ணில் கடைசி.

"அதை ஏன் பார்க்கிற? எவனோ குளிர்ஜுரக்காரன். பல்லவி ஆரம்பிச்சதுலேர்ந்து குலுக்கிக்கிட்டே இருக்கான்" என்றார் காசிநாதன்.

படம் குலுங்கியது, ஆனால் சுருதி சேர்த்ததிலிருந்து மங்களம் வரை அவளை விட்டு நகரவில்லை. அந்தக் குலுக்கலைப் பார்த்தபடி அவள் விரல்கள் மேஜையில் எதையோ எண்ணின. சட்டென்று சிரித்தாள்.

"இதையே சிடில போட்டுத் தாங்க."

"ஆடுதே!"

"ஆடட்டும். இதுல நான் இருக்கேன்."

மார்கழியில் பார்வதம் சென்னையில் பாடினாள். காசிநாதன் வழக்கம்போல் கையைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டு, "அந்தப் படத்தைப் பார்த்தா மேடை குடுத்தாங்க? தரம்னா என்னன்னே தெரியலை" என்று நிதின் காதில் புலம்பினார்.

"அங்கிள், ஏழாம் நம்பர் உங்க போன்" என்றான் நிதின்.

அதை யார் பிடித்தது என்று பார்வதம் மட்டும் அவனிடம் கேட்கவே இல்லையாம்.