சிவப்புப் புள்ளி வைத்த மஞ்சள் பந்து

எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. நெட்டா கவுர்லே என்று யாராவது பேச்செடுத்தால் போதும், என் மனசு கோல்ஃப் மைதானத்தின் அந்தக் கடைசிக் குழிக்கே ஓடிவிடுகிறது.

நெட்டா பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்தே தோள் தேய்ந்தவள். எழுபத்துநாலு வயது. எங்கள் ஃபைஃப் கடற்கரையில் மீன்காரரும் கோல்ஃப் ஆடுவார், பாதிரியாரும் ஆடுவார்; அவளும் ஆடினாள். மகளிர் கோப்பையை மட்டும் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. வரப்போகிற குளிர்காலத்தில் இடுப்பு அறுவைசிகிச்சை. அப்புறம் ஆட முடியுமா என்று கேட்டதற்கு டாக்டர் கையை விரித்துவிட்டார். இந்த வருஷம் விட்டால் விட்டதுதான்.

மட்டை வீச்சு மெதுவாகிப் போனதும் அவள் பந்தை மாற்றினாள். விலை கூடிய கெட்டிப் பந்தெல்லாம் வேகமாக வீசுகிறவர்களுக்கு. இவள் அடித்தால் கைதான் அதிரும், பந்து பாதியிலேயே விழும். மைதானத்துக் குளத்தில் விழுந்து எடுத்த பழைய பந்துகளைக் கடைக்காரர் ஒரு கூடையில் மலிவாகப் போட்டிருப்பார். அதைக் கிளறிக் கிளறி, ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்து, மென்மையான ஒரு மஞ்சள் ரகத்தைக் கண்டுபிடித்தாள். கிடைத்ததையெல்லாம் அள்ளிவந்து, தன்னுடையது என்று தெரிய ஒவ்வொன்றிலும் சிவப்புப் புள்ளி வைத்தாள்.

அப்புறம் செய்தாள் பாருங்கள் ஒரு வேலை! பக்கத்து வீட்டு இஷ்பெல் தன் கெட்டிப் பந்தை அடித்து அடித்துக் கை வலிக்கிறது என்று புலம்பினாளாம். பிறந்தநாள் பரிசு என்று நெட்டா தன் பந்துகளில் பாதியைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். புள்ளியோடு!

இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது அதே இஷ்பெல். நெட்டாவின் மட்டைப் பையை நான் தூக்கினேன். கடைசிக் குழிக்கு வரும்போது இருவரும் சமம். அங்கே கடல்பனி மூட்டம் கவிந்து கொடியே தெரியவில்லை. இருவரும் அடித்தார்கள். போய்ப் பார்த்தால் ஒரு மஞ்சள் பந்து கொடிக்கு ஓரடியில், இன்னொன்று மணற்குழியில். இரண்டிலும் சிவப்புப் புள்ளி.

"ஏண்டி, எது உன்னோடது?" என்று நெட்டாவைக் கேட்டேன்.

"தெரியலையே," என்றாள் நெட்டா.

"கொடிகிட்ட இருக்கிறது அவளோடதுதான். நான் பாத்தேன்," என்றாள் இஷ்பெல்.

"இந்த மூட்டத்துல என்னத்தடி பாத்த? பொய் சொல்லி எனக்குக் கோப்பை குடுக்காத!"

அடையாளம் தெரியாவிட்டால் இரண்டுமே தொலைந்த பந்துதான். விதி அப்படி. முதலில் அடித்த மேட்டுக்கே திரும்பிப் போய் மறுபடி அடிக்க வேண்டும். நெட்டா இடுப்பைப் பிடித்துக்கொண்டு மேடேறினாள். பார்க்கச் சகிக்கவில்லை.

மேலே போனதும் இஷ்பெல் தன் பையிலிருந்து ஒரு பழைய வெள்ளைப் பந்தை எடுத்தாள். அந்தக் கெட்டிப் பந்து!

"மறுபடியும் குழப்பம் வேணாம் பாரு," என்றாள்.

"பேனா இருக்குடி, மஞ்சள்லயே இன்னொரு புள்ளி வையேன்!" என்று கத்தினேன். காதில் வாங்காமல் அடித்தாள். பந்து பாதி வழியில் முட்புதருக்குள் போய் விழுந்தது.

நெட்டா அவள் பக்கம் திரும்பினாள். "அடிப்பாவி! அது உனக்குப் போகாதுன்னு தெரியாதா?"

"தெரியும். வாய மூடிட்டு அடி. அடுத்த வருஷமும் நான் ஆடுவேன்."

நெட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடித்தாள். மஞ்சள் பந்து கொடிப்பக்கம் போய் விழுந்தது.

கோப்பை அவளுக்குத்தான். அதை வாங்கும்போது இஷ்பெலைப் பார்க்கவே மாட்டேன் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.