பதினாறு பந்துக்கும் பொட்டு

என் கணவர் ஒரே தொடரில் நாற்பத்தொரு பந்து விழுத்தியதை எண்ணியவள் நான்தான். சந்திக் கடையின் மேல்மாடியில் இருக்கும் ஏழடிப் பூல் மேசையில் அது நடந்தது. இருபத்தெட்டில் மகள் தண்ணீர் கேட்டு அழுதாள். அந்தச் சத்தத்தில் ஒன்றைக் கூட்டி எண்ணிவிட்டேனோ என்று இப்போதும் சில வேளை நினைப்பேன். கடைக்காரரும் நாற்பத்தொன்று என்றுதான் சொன்னார்.

அவர் ஆடும் ஆட்டத்தின் விதி சுலபமானது. வெள்ளைப் பந்தால் அடித்து, பதினைந்து பந்துகளில் எதையும் எந்தக் குழியிலும் விழுத்தலாம். எது, எங்கே என்று முதலில் சொல்லிவிட வேண்டும். பந்துக்கு ஒரு புள்ளி. மேசையில் ஒன்று மட்டும் மிஞ்சும்போது, விழுந்த பதினான்கையும் திரும்ப அடுக்கிவிட்டுத் தொடரலாம். ஒரு முறை தவறினால் அத்துடன் எண்ணிக்கை முடிந்துவிடும்.

கனடாவில் இருக்கும் அவருடைய அண்ணன் இதைத் தொலைபேசியில் கேட்டுச் சிரித்தார்.

"உது சின்னப்பிள்ளையளின்ரை மேசையடா. குழியின்ரை வாய் சோறு சமைக்கிற கிடாரம் மாதிரி இருக்கும். எங்கடை கிளப் மேசையிலை உன்ரை நாப்பத்தொண்டு பத்தாய்ப் போகும்."

"வந்து பாருங்கோவன் அண்ணை" என்றார் என் கணவர். அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

சண்டிலிப்பாயில் அண்ணன் கட்டிய பெரிய வீட்டை நாங்கள்தான் பார்த்துக்கொள்கிறோம். அவர் கனடாவிலிருந்து அனுப்பிய அடுத்த கொள்கலனில், குளிர்சாதனப் பெட்டியோடும் கட்டில்களோடும் ஓர் ஒன்பதடி மேசையும் வந்து இறங்கியது. கல்லுப் பலகை மூன்று துண்டு. பன்னிரண்டு பேர் தூக்கினார்கள். மேசையின் மூலையில் மகளின் நெற்றி மோதிவிடும் என்று நான் நாலு மூலைக்கும் பழைய துவாய் கட்டினேன். ஆடும்போது அவர் அவிழ்ப்பார். ஆடி முடித்ததும் நான் கட்டுவேன்.

அந்த மேசையில் அவரால் இருபத்தாறைத் தாண்ட முடியவில்லை. நான் அடுப்படிக்கும் மேசைக்கும் இடையில் நடந்து பார்த்தவரையில், நீளம் அவரை அவ்வளவாக வருத்தவில்லை. இந்த ஆட்டம் பெரும்பாலும் மேசையின் ஒரு பாதியில்தான் நடக்கிறது. வருத்தியது குழியின் வாய்தான். சந்தி மேசையில் விளிம்பில் உரசினாலும் உள்ளே போகும் பந்து, இங்கே இரண்டு பக்கமும் மோதிவிட்டு வெளியே நின்றது. புதுத் துணியில் வெள்ளைப் பந்து வழுக்கிக்கொண்டு எங்கெங்கோ ஓடியது. மழைக் குளிர் வந்த நாட்களில் அதே துணி பந்தை இழுத்துப் பிடித்தது. அவர் இரண்டுக்கும் கையைப் பழக்கிக்கொண்டார். அண்ணன் வரும்போது நாற்பத்தொன்றைத் தாண்டிக் காட்ட வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் அவர் மனதில் இருக்கவில்லை.

அண்ணன் நவராத்திரிக்கு வந்தார். விசயதசமி அன்று மாலை அவர் கொழும்புக்குத் திரும்ப வான் வண்டி சொல்லியிருந்தது. காலையில் ஆடிக் காட்டுவது என்று பேச்சு.

அதற்கு முதல்நாள் ஆயுத பூசை. புத்தகங்கள், தையல் இயந்திரம், மண்வெட்டி, அவருடைய மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். மேசையைப் பார்த்ததும் மனம் கேட்கவில்லை. அவர் இவ்வளவு பாடுபடுவது இந்தச் சாமான்களோடுதானே? அவர் பந்து அடிக்கும் குச்சிக்கு வைத்தேன். பிறகு பதினாறு பந்துக்கும் சந்தனம் குழைத்து, மேலே குங்குமம் வைத்து, ஒரு தட்டத்தில் அடுக்கிச் சாமிப் படத்தின் முன் வைத்தேன். பூசையில் வைத்ததை அன்று எடுக்கக்கூடாது. அவருக்கு ஒரு நாள் பயிற்சி போனது.

மறுநாள் விடியவே மகளுக்கு முதல் எழுத்து எழுதிக்கும் ஏடு தொடக்கல். கோயிலுக்குப் போகும் அவசரத்தில் பந்துகளை ஈரத்துணியால் துடைத்தேன். துடைத்தது போதுமா என்று வழியில் இரண்டு முறை யோசித்தேன். திரும்பி வந்து மறுபடி துடைத்திருக்கலாம். மகளின் ஈரப் பாவாடையை மாற்றியதில் அது மறந்துபோனது.

அவர் அமைதியாக ஆடினார். பதினான்கு. அண்ணன் தானே பந்துகளை அடுக்கிக் கொடுத்தார். இருபத்தெட்டு. முப்பதைத் தாண்டியதும் அண்ணன் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முப்பத்துநான்காவது கிட்டப் பந்து, கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம். வெள்ளை மோதியபோது வழக்கமான கணீர் ஒலி கேட்கவில்லை. இரண்டும் ஒரு கணம் ஒட்டிக்கொண்டதுபோல் இருந்தது. பந்து விலகிப் போய்க் குழியின் உதட்டில் பட்டுத் திரும்பியது.

அண்ணன் எழுந்துபோய் அந்தப் பந்தை எடுத்துப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார்.

"என்னடா மஞ்சளாய் உரியுது?"

"நான்தான் அண்ணை. நேற்றுப் பூசைக்குச் சந்தனம் வைச்சனான். வடிவாய்த் துடைக்கேல்லை."

"எல்லாத்துக்குமோ?" என்றார் என் கணவர்.

"வெள்ளைக்கும்."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "பந்துக்குப் பொட்டு வைச்ச வீடு உலகத்திலை இது ஒண்டுதான். டேய், இது கணக்கில்லை. கழுவிப்போட்டு முப்பத்திமூண்டிலையிருந்து அடி."

"வேண்டாம் அண்ணை. தவறினது தவறினதுதான்."

"அப்ப நாப்பத்தொண்டையும் ஒத்துக்கொள்ளுறன், போ."

"பாவம் பாத்து ஒத்துக்கொள்ள வேண்டாம்" என்றார் அவர். குரல் உயரவில்லை. "வான் நாலு மணிக்குத்தானே? சந்திக்கு வாங்கோ. அந்தச் சின்னப்பிள்ளையளின்ரை மேசையிலை நீங்கள் ஒருக்கா அடியுங்கோ."

மகளையும் தூக்கிக்கொண்டு நானும் போனேன். அன்று தொலைபேசியில் பட்ட கோபம் திரும்பக் கிளம்பிவிடுமோ என்று பயமாக இருந்தது. அண்ணன் தன் சொந்தக் குச்சியைத் திருகிப் பூட்டிக்கொண்டு தொடங்கினார். முதல் ஏழும் ஓசையில்லாமல் விழுந்தன. பிறகு வழி அடைபட்டது. பந்துகள் அதே அளவு, மேசைதான் சின்னது. சிதறி ஓட இடமில்லாமல் அவை ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. வெள்ளை போய் நிற்கவும் இடம் இல்லை. ஒன்பதில் தவறினார். மறுபடி அடுக்கச் சொல்லி ஆடினார், பதினொன்று. கிடாரம் போன்ற குழி அங்கேயே திறந்துதான் கிடந்தது.

மூன்றாம் முறை அவர் தொடங்கவில்லை. குச்சியை மேசைமேல் வைத்துவிட்டுச் சிறிது நேரம் அந்தக் குவியலையே பார்த்தார்.

"உதுக்குள்ளாலை எப்பிடியடா நாப்பத்தொண்டு அடிச்சனீ?"

என் கணவர் சிரிக்கவில்லை. குனிந்து, குவியலின் ஓரத்தில் இருந்த பந்து ஒன்றைத் தொட்டுக் காட்டினார். "முதல் இதை எடுக்கக்கூடாது அண்ணை. இதைக் கடைசி வரைக்கும் விட வேணும். இஞ்சாலை வந்து நிண்டு பாருங்கோ."

அண்ணன் சுற்றிப்போய் அவர் பக்கத்தில் குனிந்தார். கடைக்காரர் தேநீர் கொண்டுவந்து வைத்தார். இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வானுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. நேரத்தைச் சொல்லுவோமா விடுவோமா என்று யோசித்து, நான் விட்டுவிட்டேன்.