இத்தாவில் வாங்கிய வீடு

ஹாஜறா வீட்டுக்குக் கொடுத்த விலையைக் கேட்ட எவரும் உடனே பதில் சொன்னதில்லை. "ஒரு கோடியா?" என்று இழுத்துவிட்டு, வந்த வேலையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். சாய்ந்தமருதில் பாதிப் பெண்களுக்கு அபாயா தைத்துக் கொடுப்பவள் அவள். அளவு கொடுக்க வருகிற ஒவ்வொருத்தியும் அந்த இழுவையை ஒருமுறை இழுக்காமல் போனதில்லை. தையல் மெஷினை மிதிக்கிற காலுக்கு அன்றைக்கெல்லாம் தனி வேகம் வந்துவிடும்.

பெண்பிள்ளையைப் பெற்றால் வீடு கொடுக்க வேண்டும். இந்தக் கரையோரத்தில் பிறந்தவர்களுக்கு அதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. மூத்தவள் ஹப்ஸாவுக்கு, தாங்கள் குடியிருந்த வீட்டையே சீதனமாக எழுதிக் கொடுத்தாயிற்று. இளையவள் ஆகிலாவுக்கும் மாப்பிள்ளை பேசி, வீடு தேடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் புருஷன் கலந்தர் வயலுக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மௌத்தானார். ஹாஜறா இத்தாவில் உட்கார்ந்தாள்.

புருஷனை இழந்து இத்தா இருக்கிற பெண் வாசலைத் தாண்ட மாட்டாள். அந்நிய ஆண்களின் முன்னால் வந்து நிற்க மாட்டாள். அந்த நான்கு மாதம் பத்து நாளும் அவளுக்குக் காலும் கண்ணும் வாயும் அவளுடைய காக்கா, கூடப்பிறந்த மூத்தவன் இஸ்மாலெவ்வைதான். வீட்டைத் தேடிப் பிடித்தது காக்கா. விலை பேசியது காக்கா. வயலை விற்ற காசையும் நகையை விற்ற காசையும் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்த்ததும் காக்கா. வீட்டு உறுதிப் பத்திரம் எழுதுகிறவர் வந்த அன்று, திரைக்குப் பின்னால் இருந்து அவள் ஒப்பம் வைத்தாள். முத்திரைச் செலவைக் குறைக்க உறுதியில் எல்லாரும் போடுவது போலச் சின்னத் தொகைதான் போட்டிருந்தது. உண்மை விலை எவ்வளவு என்று காக்காவின் வாய் சொன்னது, அவள் கேட்டுக்கொண்டாள்.

ஏன் கேட்கமாட்டாள்? வாப்பா இல்லாத வீட்டில் அவளுடைய நிக்காஹ்வுக்கு வலியாக, பொறுப்பாளனாக நின்றவன் அவன். அதற்கும் முன்னால், மீசை அரும்பின வயதில் பஹ்ரைனுக்குப் போய், வெயிலில் கம்பி கட்டி, தன் கல்யாணத்தைத் தள்ளித் தள்ளிப் போட்டு, அவளுக்குச் சீதன வீட்டைக் கட்டி எழுப்பியவன். அந்த வீடுதான் இப்போது ஹப்ஸாவுடையது. ஐந்து நேரத் தொழுகையிலும் பெற்ற பிள்ளைகளுக்கு முன்னால் காக்காவின் பெயரைச் சொல்லித்தான் ஹாஜறா துஆக் கேட்பாள். புருஷன்கூட ஒருமுறை, "எனக்கும் கொஞ்சம் மிச்சம் வெச்சிக் கேளுகா" என்று கிண்டலடித்திருக்கிறார்.

இத்தா முடிந்து, கல்முனைக்குப் போய் முதன்முதலாக வீட்டைப் பார்த்தாள். மோசமில்லை. மோசமில்லை என்பதற்கு மேலே சொல்லவும் ஒன்றுமில்லை. குசினிச் சுவரில், அடுப்புக்குப் பின்னால், ஈரம் ஊறியிருந்தது. அடுத்த மாதமே அதே ஒழுங்கையில், இதைவிடப் பெரிய வளவோடு ஒரு மாடி வீடு பத்து லட்சம் குறைவாகக் கைமாறியது. அன்றைக்கு அவள் சோறு தின்னவில்லை.

"ஊர் வில அதான் புள்ள," என்றான் காக்கா. "டொலர் ஏறினதுக்குப் பொறகு சீமெந்து என்ன வில, கம்பி என்ன வில? அவனுக்கு அவசரம், வித்திட்டுப் போறான். நம்மட வீடு பள்ளிக்குக் கிட்ட. இதெல்லாம் நீ யோசிக்கிறல்ல."

சரி என்று அவளும் மனதைத் தேற்றப் பார்த்தாள். கிணற்றுத் தண்ணீர் இனிப்பு. பள்ளியில் பாங்கு சொன்னால் குசினிவரை கேட்கும். வாசலில் வேம்பு நிற்கிறது. இப்படி வீட்டின் நல்லதுகளை ஒவ்வொன்றாக விரல் மடக்கிப் பார்ப்பாள். கை நிறைவதற்குள் குசினிச் சுவர் ஞாபகத்துக்கு வந்துவிடும். போன காசு போனதுதான், கல்யாணம் முடிந்தால் மறந்துபோகும் என்று மகள் ஆகிலா சொன்னாள். மறக்கத்தான் அவளும் படாதபாடு பட்டாள்.

கல்யாணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது நல்லரெத்தினம் வந்தார். வீட்டை விற்றவர் அவர்தான். இப்போது மட்டக்களப்பில் மகனோடு இருக்கிறார். கரண்ட் பில் இன்னும் அவர் பெயரில் வந்துகொண்டிருந்ததால், மாற்றிக் கொடுக்க வந்திருந்தார். ஹாஜறா அவரை நேரில் காண்பது அதுதான் முதல்தடவை. ஆகிலா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"வீடு புடிச்சிருக்கா தங்கச்சி?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணன். வில கொஞ்சம் கூடிப்போச்சி. அதான் மனசுக்குள்ள கிடந்து அரிக்கிது."

மனிதர் கோப்பையைக் கீழே வைத்தார். முகத்தில் அடிபட்ட மாதிரி ஒரு பார்வை.

"கூடவா? என்ன புள்ள இப்பிடிச் சொல்றீங்க. நான் தொண்ணூறு லட்சம் கேட்டன். உங்கட காக்கா ரெண்டு கிழமையா நடையா நடந்து, தங்கச்சி புருஷன இழந்து இத்தாவில இரிக்கா, கொமர்ப்புள்ளைக்கு வீடு எண்டெல்லாம் சொல்லி, எண்பதுக்கு இறக்கிப்போட்டார். எண்ட பொஞ்சாதியும் அதக் கேட்டுத்தான் ஓமெண்டவ. உங்களுக்காகத்தான் குறைச்ச நாங்க."

அவர் சொன்னது பொய்யாக இருக்க வேண்டும் என்று ஹாஜறா ஒரு நிமிஷம் ஆசைப்பட்டாள். பொய் சொல்லி அவருக்கு என்ன வரப்போகிறது? அவளுடைய இத்தாவைக் காட்டிக் காக்கா விலையைக் குறைத்திருக்கிறான். அதே இத்தாவை மறைப்பாக வைத்து அவளிடம் கூட்டி வாங்கியிருக்கிறான். அந்த மனிதர் படியிறங்கிப் போகும்வரை அவள் சிரித்த முகத்தோடு நின்றாள். அது எப்படி முடிந்தது என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது.

ஹாஜறா தேடிப் போனபோது காக்கா தன் இரண்டாவது மகளுக்குக் கட்டும் வீட்டில் நின்றான். அவனுக்கு மூன்று பெண்கள். வேலை நின்றுபோய்க் கிடந்த அந்த வீட்டுக்கு, அவள் இத்தாவில் இருந்தபோதுதான் மேல் சிலாப் போட்டது. வேலையாட்களுக்கு அன்று மத்தியானச் சோறு ஆக்கி அனுப்பியதும் அவள்தான். பெரிய இறைச்சித் துண்டாகப் பார்த்துப் பார்த்துப் போட்டு அனுப்பினாள்.

"நல்லரெத்தினம் அண்ணன் வந்தாரு," என்றாள்.

இஸ்மாலெவ்வை கையிலிருந்த டைல் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"புரோக்கர் வந்திருந்தா அவனும் எடுத்திருப்பான்தானே," என்றான்.

"இருவது லட்சமா காக்கா?"

"எனக்கு இன்னும் ரெண்டு கொமர் இரிக்கி. ஆரு தாற? நீ தருவியா?"

"கேட்டீங்களா? ஒரு சொல்லு கேட்டீங்களா?"

அப்போதுதான் அவன் நிமிர்ந்து பார்த்தான். குரலில் கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை. "என்ட வாலிபத்த வெச்சி ஒனக்கு வீடு கட்டினன். அதுக்கு நீ கணக்குப் பாத்தியா? நானும் பாக்கல்ல. இப்ப பாத்தன்."

ஹாஜறா திரும்பி நடந்தாள். இருபது லட்சம் போனது வலித்ததுதான், இல்லை என்று யார் சொன்னது? வயல் அது. கலந்தர் வியர்வை சிந்திய வயல். ஆனால் அந்தப் பேச்சில் போனது வேறு. பஹ்ரைன் வெயிலில் தனக்காக நின்ற அந்தப் பொடியனை அவள் இவ்வளவு காலமும் நெஞ்சில் வைத்திருந்தாள். கொடுத்ததற்கெல்லாம் அவன் இப்போது விலை போட்டு, வட்டியோடு எடுத்துக்கொண்டுவிட்டான். அண்ணன் கட்டித் தந்த வீடு என்று இனி எந்த வாயால் சொல்வது? பாவி, பழசையும் சேர்த்தல்லவா பறித்தான்.

ஆகிலாவிடம் அவள் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் சண்டை போட்டால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்ற பயம். அதைவிட, காக்கா ஒருநாள் இரவு வந்து, "பிழ செஞ்சிட்டன் தங்கச்சி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவான் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை. காசே வேண்டாம், அந்த ஒரு வார்த்தை போதும் என்றிருந்தாள். கல்யாணத்துக்கு முதல்நாள் வந்தான். பந்தல்காரனோடு விலை பேசிவிட்டுப் போனான்.

நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளையை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுத் திறப்பை, அந்தச் சாவியை, பெண்ணின் மாமாதான் மாப்பிள்ளை கையில் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது, "ஹலாலான காசில வாங்கின வீடு, பறக்கத்தா இரிங்க" என்று சபைக்குக் கேட்கச் சொல்ல வேண்டும். ஹப்ஸாவின் கல்யாணத்தில் அதைச் சொல்லும்போது இஸ்மாலெவ்வைக்குக் குரல் கம்மி, கண் கலங்கியது. பெண்கள் பக்கத்தில் நின்ற ஹாஜறாவும் அழுதாள்.

இப்போதும் அவன் கையை நீட்டினான். வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு திறப்பை அவன் உள்ளங்கையில் வைத்து, அவன் முகத்தையே பார்த்தாள்.

"சொல்லுங்க காக்கா," என்றாள் மெதுவாக.

தடுமாறுவான் என்று நினைத்தாள். நாக்காவது ஒட்டும் என்று நினைத்தாள். இஸ்மாலெவ்வை தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, முழுச் சபைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான். ஒரு சொல் பிசகவில்லை. சொல்லி முடித்ததும் மாப்பிள்ளையின் வாப்பா அவனைக் கட்டித் தழுவி, தங்கச்சிக்கு இப்படி ஒரு காக்கா கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றார்.

"ஓம்," என்றாள் ஹாஜறா.

விருந்தில் அவனுக்கும் எல்லாரையும் போலச் சோறு போனது. பெரிய துண்டு எதையும் அவள் பொறுக்கி எடுக்கவில்லை. அசர் தொழுகைக்குப் பிறகு சனம் கலைந்தது. காக்கா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, பிறந்ததிலிருந்து சொல்கிற மாதிரியே சொன்னான்.

"தங்கச்சி, நான் போயிட்டு வாறன்."

ஹாஜறா வேம்படியில் விருந்தாளிகள் உட்கார்ந்திருந்த கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"போங்க," என்றாள்.